போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் லாகினில் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்க வைக்க முடியுமா?

முடியும், ஆனால் நேரடியாக இல்லை. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 8.0.27 பதிப்பிலிருந்தே ஒரு பயனருக்கு மூன்று அடுக்குச் சரிபார்ப்பு வரை வைக்கலாம். போஸ்ட்கிரெஸில் அப்படி எதுவும் உள்ளேயே கிடையாது, பாம் (PAM, லினக்ஸ் போன்றவற்றில் லாகினைச் சரிபார்க்கும் அமைப்பு) அல்லது ரேடியஸ் (RADIUS, லாகினைச் சரிபார்க்கும் தனி சர்வர்) வழியாக வெளியே சரிபார்க்கச் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு தொல்லை, பாஸ்வேர்டு கேட்பது ஒரே ஒரு முறைதான் என்பதால் பெரும்பாலும் அதன் வாலிலேயே ஆறு இலக்க ஓடிபியையும் ஒட்டித் தட்ட வேண்டியிருக்கும்.

சரி, மனிதர்கள் தட்டுவார்கள். நள்ளிரவில் தானாக கனெக்‌ஷன் திறக்கும் அப்ளிகேஷன், 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணுக்கு எங்கே போகும்? அதற்கு பாஸ்வேர்டோடு கிளையன்ட் சான்றிதழையும் (இணைய வருவது யார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளக் கோப்பு) கட்டாயமாக்குங்கள், சான்றிதழில் உள்ள பெயர் பயனர் பெயரோடு பொருந்துகிறதா என்பதையும் பதிப்பு 12 முதல் கூடவே சரிபார்க்கலாம். என்னைக் கேட்டால், ஓடிபியை டேட்டாபேஸில் வைக்காமல் அதற்கு முன்னால் நிற்கும் எஸ்எஸ்ஹெச் சர்வரில் (டேட்டாபேஸுக்குப் போகுமுன் பாதுகாப்பாக நுழையும் வாசல்) வைப்பதுதான் தலைவலி குறைவு.