2005-ஐ ஏன் 100 என்று வைத்தீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரிக் கட்டுரைக்காக ஐநாவின் வர்த்தகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேட்டிலிருந்து பின்லாந்து, ஸ்வீடன் இரண்டின் காகித, அட்டை ஏற்றுமதி மதிப்பை டாலர் கணக்கில் எடுத்தேன். 2005-ஐ 100 என்று வைத்து வரைபடம் போட்டேன். 2006-ல் பின்லாந்து ஸ்வீடனைத் தாண்டி எகிறுகிறது. 2008-க்குப் பிறகு சரிந்து, கடைசியில் ஸ்வீடனுக்குக் கீழே போய்விடுகிறது. “நோக்கியாவைப் போலவே காகிதத்திலும் பின்லாந்து தோற்றது” என்று முடிக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

முடிவை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 2005. அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் பின்லாந்தின் காகித ஆலைகள் தொழிலாளர் தகராறில் பல வாரம் மூடிக் கிடந்தன. உற்பத்தியே நின்றுபோன ஒரு வருடத்தை 100 என்று வைத்தால் அடுத்த வருடம் எகிறத்தானே செய்யும்? 2004-ஐ வைத்துப் போட்டுப் பாருங்கள், அந்தத் தாவலில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். இரண்டு மூன்று வருடச் சராசரியை வைப்பது இன்னும் நல்லது.

அடுத்தது டாலர். இந்த இரண்டு நாடுகளும் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குத்தான் விற்கின்றன. ஒரு டன் காகிதம் எப்போதும் 700 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 2001-ல் யூரோ சராசரியாக 90 சென்ட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அந்த டன் 630 டாலர்கூட வராது. 2008-ல் யூரோ 1.47 டாலர், அதே டன் 1,029 டாலர். ஒரு டன்கூடக் கூடுதலாக விற்காமலே உங்கள் கோடு மேலே ஏறும். 2015-ல் யூரோ சரிந்தபோது நடந்தது இதன் மறுபக்கம். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு வருடமும் பின்லாந்தின் தொகையை ஸ்வீடனின் தொகையால் வகுத்துவிடுங்கள். டாலரின் ஆட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துவிடும். மிச்சம் வரும் கோடுதான் உண்மையான ஒப்பீடு.

அந்தக் கோடும் இறங்கத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. பின்லாந்து 2007-ல் சுமார் 1.4 கோடி டன் காகிதமும் அட்டையும் செய்தது. 2020-ல் 82 லட்சம் டன் அளவுக்கு வந்துவிட்டது. அதன் பலம் பத்திரிகைகளுக்கான அச்சுக் காகிதத்தில் இருந்தது. வாசகர்கள் திரைக்குப் போனதும் முதல் அடி அங்கேதான் விழுந்தது. அந்நாட்டில் செய்தித்தாள் காகிதம் செய்த கடைசி ஆலையான கைபோலா, 2020 முடிவில் உற்பத்தியை நிறுத்தியது. ஸ்வீடனிடம் பெட்டி அட்டையும், பால், பழச்சாறு அடைக்கும் அட்டையும் கூடுதலாக இருந்தன. போதாததற்கு 2008-09 நெருக்கடியில் ஸ்வீடனின் நாணயமான குரோனாவின் மதிப்பு விழுந்தது. யூரோவில் விற்று குரோனாவில் சம்பளம் கொடுத்த ஸ்வீடன் ஆலைகளுக்கு அது பெரிய ஆறுதல். பின்லாந்துக்கு அந்த வசதி இல்லை, யூரோவிலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

ஆனாலும் “தோற்றது” என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ஸ்டோரா என்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் ஒரு ஸ்வீடன் நிறுவனமும் ஒரு பின்லாந்து நிறுவனமும் இணைந்து உருவானது அது. 2021-ல் பின்லாந்தில் வெய்ட்சிலுவோட்டோவிலும் ஸ்வீடனில் க்வார்ன்ஸ்வேடனிலும் காகித உற்பத்தியை நிறுத்தியது. இதில் எந்த நாடு யாரை ஜெயித்தது?

நீங்கள் எடுத்தது சுங்கக் குறியீட்டில் காகிதமும் அட்டையும் வரும் 48-ஆம் அத்தியாயமாக இருக்கும். மரக்கூழ் 47-ல் இருக்கிறது. 2017-ல் பின்லாந்தின் ஆனெகோஸ்கியில் பிரம்மாண்டமான கூழ் ஆலை ஒன்று ஓடத் தொடங்கியது. காகிதமாகப் போயிருக்கக்கூடிய மரம் கூழாகக் கப்பலேறினால் உங்கள் வரைபடத்தில் அது வரவே வராது. 47-ஐயும் இறக்கிச் சேருங்கள், டன் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். கட்டுரையின் கடைசி வரியை அதற்கப்புறம் எழுதலாம். நோக்கியா அதில் வேண்டாம் என்பது என் யோசனை.