தொழு உரம் இட்டும் மண் இறுகுவது ஏன்?

கேள்வி: எங்களுக்கு 40 சென்ட் செம்மண் நிலம் உள்ளது. கத்தரி, வெண்டை பயிரிட்டுச் சந்தையில் விற்கிறோம். ஆண்டுதோறும் சித்திரையில் 2 டன் தொழு உரம் கொட்டியும், ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேல்மண் ஓடுபோல் இறுகிவிடுகிறது. என்ன குறை?
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: அளவில் குறையில்லை, ஏக்கருக்கு 5 டன் என்ற பொதுப் பரிந்துரைக்கு உங்கள் கணக்கு சரியாகவே வருகிறது. எருவைச் சேமிக்கும் முறையையும், இட்ட பிறகு நிலம் வெறுமையாகக் கிடப்பதையும்தான் கவனிக்க வேண்டும். திறந்த வெளியில் மாதக்கணக்கில் குவித்து வைத்த சாணம், வெயிலில் காய்ந்தும் மழையில் கரைந்தும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பெருமளவு இழந்து, பார்வைக்கு மட்டுமே எருவாக எஞ்சுகிறது. நிழலில் குழி எடுத்து, மாட்டுச் சிறுநீர் ஊறிய கூளத்தையும் சாணத்தையும் அடுக்கி, மண்ணால் மூடி, ஈரம் காத்து மக்க வையுங்கள்.

அடுத்தது வெப்பம். நம் கோடையில் மண்ணிலுள்ள மக்கு மிக விரைவாகச் சிதைந்துவிடும் என்பதால், அந்த 2 டன்னையும் சித்திரையிலேயே கொட்டிவிடாமல், ஒவ்வொரு பயிருக்கும் நடவுக்குச் சற்று முன் பிரித்து இட்டு, அன்றே மண்ணோடு கலந்துவிடுவது நல்லது. மண்ணை மாவாக்கும் அளவுக்கு ரோட்டவேட்டர் ஓட்டுவதையும் குறையுங்கள். மூடாக்கு இல்லாத நிலத்தில் மழைத்துளி நேராக விழுந்து மண்கட்டிகளை உடைக்க, நுண்துகள்கள் துளைகளை அடைத்துக் காய்வதே நீங்கள் சொல்லும் ஓடு. சோளத்தட்டையோ கரும்புத்தோகையோ மூன்று விரற்கடை உயரத்துக்கு, தண்டை ஒட்டாமல் பரப்பினால் மழைத்துளி மண்ணை நேராகத் தாக்காது.

எனினும் நான் முதலிடம் தருவது, வளர்த்து மடக்கி உழும் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டுக்கே. இரண்டு பயிர்களுக்கு இடையே ஈரம் கிடைக்கும்போது 40 சென்டுக்கு 8 கிலோ என்ற கணக்கில் விதையைத் தூவி, ஏறத்தாழ 45ஆம் நாள், பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். தண்டு முற்றிவிட்டால் மக்கத் தாமதமாகும். வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும். தழையும் வேரும் மக்கி மண்ணைப் பொலபொலப்பாக்கும். இரண்டு வாரம் கழித்து நாற்று நடலாம். அந்த இரண்டு மாத வருமானம் போய்விடும் என்று தயங்குவீர்கள். நிலத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, முறை வைத்து விதைத்தால் சந்தைக்குக் காய் போவது நிற்காது.

கேள்வி: மாடித் தோட்டப் பைகளில் தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்பினேன். செடிகள் வெளிறி நிற்கின்றன.
(வாசகி, மதுரை)

பதில்: மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கும் மேல் கரிமம் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்வதால் இலை வெளிறுகிறது. பைகளைக் கொட்டி, நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பை நீக்குங்கள்; பிறகு சம அளவு மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள்.

கேள்வி: மண்புழு வாங்கித் தோட்டத்தில் விடலாமா?
(வாசகர், தேனி)

பதில்: வேண்டாம். உரம் தயாரிக்க விற்கப்படும் புழுக்கள் சாணத்திலும் கழிவிலும் வாழ்பவை. வெறும் மண்ணில் நிலைக்கமாட்டா. மூடாக்கும் ஈரமும் இருந்தால் உங்கள் மண்ணில் ஏற்கெனவே உள்ள புழுக்களே பெருகும்.