வாடகை தராத அக்கா

கேள்வி: சேலம் பள்ளப்பட்டியில் மூன்று போர்ஷன் வீடு ஒன்று விலைக்கு வருகிறது. அப்பா கட்டியது, பெற்றோர் இப்போது இல்லை, மகன் விற்கிறார். 72 லட்சம் சொல்கிறார், 66 கேட்டிருக்கிறேன். இரண்டு போர்ஷனில் மாதம் 9,000 வீதம் வாடகை வருகிறது. பின்கட்டில் அவருடைய அக்கா வாடகை தராமல் இருக்கிறார். பார்க்கப் போனபோது, கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து காபி கொடுத்தார். அவரைக் காலி செய்ய வைக்கும் சிரமத்தைச் சொல்லி இன்னும் நாலு லட்சம் குறைக்கலாமா?
- ஓய்வுபெற்ற வாசகர், அம்மாபேட்டை

பதில்: அந்தக் காபியை முழுசாகக் குடித்தீர்களா? குடித்த கையோடு, கொடுத்தவரையே விலையில் கழிக்கப் பார்க்கிறீர்களே, அதனால் கேட்கிறேன்.

அப்பா கட்டிய வீடு என்கிறீர்கள். உயில் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உயில் எழுதாமல் போயிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. அப்படியானால் அந்தம்மா குடித்தனக்காரர் இல்லை ஐயா, வீட்டுக்காரர். சொந்த வீட்டில் இருப்பவர் யாருக்கு வாடகை கொடுப்பார்? 'வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது' என்பீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம்தான் வரும். பத்திரமே போடாத அக்காவின் பங்கு அதில் எப்படி வரும்? வாரிசுச் சான்று கேளுங்கள். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அக்கா எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய் நீட்டாதீர்கள்.

சரி, தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கூடப்பிறந்தவளை எங்கே வைக்கப்போகிறாய் என்று விற்கிறவனைக் கேட்பது வாங்குகிறவருக்கும் கடமை என்று நினைக்கிற ஆள் நான். பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

விலை குறைக்க வேறு காரணமா இல்லை? வருடத்துக்கு 2,16,000 வாடகை என்றால், 66 லட்சத்துக்கு அது மூன்றேகால் சதவீதம்தான். வீட்டு வரி, வெள்ளையடிப்பு போனால் இன்னும் கீழே. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் உங்கள் தலையில். குடியிருப்பவர்களின் அட்வான்ஸை நாளைக்குத் திருப்பித் தரப்போவதும் நீங்கள்தான். அதை விலையில் கழிக்கச் சொன்னீர்களா? இதை வைத்துப் பேசுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால், தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து, உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போங்கள். "வீட்டை விற்கிற சேதி உங்களுக்குத் தெரியுமா அக்கா?" என்று கேளுங்கள்.