பஸூனும் பேஸும் ஒரே ஸ்தாயியில் மோதும்போது

கேள்வி: நவீன பஸூன் (தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் மரக்குழல் வாத்தியம்) வாசிக்கிறேன். நண்பர் டிஜிட்டல் கீபோர்டில் கன்டினுவோ (பேஸ் வரியும் அதன்மேல் கார்டுகளும் சேர்ந்த துணை இசை) வாசிக்கிறார். பெர்டோலியின் சொனாட்டா ஒன்றை எடுத்து, பேஸுக்குத் துணையாக செல்லோவையும் சேர்த்தோம். எல்லாம் கீழே குழம்பிக் கேட்கிறது. பேஸ் சுரத்தின் மீது எந்தக் கார்டு என்று காட்டும் எண்களும் மிகக் குறைவு. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் செல்லோவை நிறுத்திப் பாருங்கள். பாதிக் குழப்பம் அதோடு தீரும்.

ஜியோவானி அந்தோனியோ பெர்டோலி 1645இல் வெனிஸில் வெளியிட்ட ஒன்பது சொனாட்டாக்களும் பஸூனுக்கும் கன்டினுவோவுக்கும் எழுதப்பட்டவை. 1638இல் அதே நகரில் அச்சான செல்மா இ சலவெர்தேயின் தொகுப்பிலும் இதே வகை எழுத்து உண்டு. பல இடங்களில் பஸூனின் வரி, கன்டினுவோவின் பேஸ் சுரங்களையே உடைத்து, இடைவெளிகளை வேகமான சுரங்களால் நிரப்பியது. நீங்கள் எட்டு செமிகுவேவர் (கால் பங்கு க்ராட்செட் சுரம்) ஓடும்போது கீபோர்டு அதன் எலும்புக்கூட்டை மட்டும் பிடித்திருக்கும். அதே ஸ்தாயியில் செல்லோவும் அழுத்தி நின்றால் உங்கள் ஓட்டம் காதில் விழாது. தியோர்போ (நீண்ட கழுத்துள்ள பெரிய லூட்) கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். மீட்டிய ஒலி உடனே தணிந்து வழிவிடும்.

கீபோர்டில் எட்டடி ஃப்ளூட் ஆர்கன் ஒலி ஒன்றை மட்டும் போடுங்கள். ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பதினாறடி வேண்டாம். இடக்கை பேஸை ஒற்றைச் சுரமாக வாசிக்கட்டும். வலக்கை மிடில் சி-க்கு மேலேயே, இரண்டு மூன்று குரல்களோடு நிற்கட்டும். நடு ஸ்தாயி பஸூனுக்கு உரிய இடம், அங்கே கார்டு இறங்கக் கூடாது. ஹார்ப்சிகார்ட் ஒலி என்றால் கார்டை மேல்நோக்கி உடைத்து வாசித்து, பேஸ் நீளும்போது அதை மறுபடி தட்டலாம்.

எண் இல்லாத இடங்களுக்கு மூன்று பழக்கங்கள் போதும். சாதாரண பேஸுக்கு, அதிலிருந்து எண்ணி மூன்றாம் சுரமும் ஐந்தாம் சுரமும். ஷார்ப் குறியிட்ட பேஸுக்கும், பெரும்பாலும் இ, பி சுரங்களுக்கும் ஐந்துக்குப் பதில் ஆறு. முடிப்பில், கடைசிக்கு முந்தைய பேஸ் மீது நான்கைப் பிடித்து மேஜர் மூன்றுக்கு இறக்குங்கள். இறுதிக் கார்டு மைனர் ராகபாவத்தில் வந்தாலும் மேஜர் மூன்றோடு முடியட்டும்.

அந்த மூன்று இனிமையாக ஒலிக்க வேண்டுமானால் சுருதி முக்கியம். கீபோர்டின் டெம்பரமென்ட் (சுருதி அமைப்பு) மெனுவில், மேஜர் மூன்றுகளைத் தூய்மையாக வைக்கும் குவார்ட்டர்-காமா மீன்டோன் இருந்தால் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஏ-யை அப்படியே வைத்து, சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இப்படி மாற்றுங்கள்: சி +10, சி ஷார்ப் −14, டி +3, இ ஃப்ளாட் +21, இ −3, எஃப் +14, எஃப் ஷார்ப் −10, ஜி +7, ஜி ஷார்ப் −17, பி ஃப்ளாட் +17, பி −7. பஸூனில் நீங்களும் இதைக் கேட்டே ஒட்ட வேண்டும். ஷார்ப் சுரங்களை உயர்த்திப் பிடிக்கும் நவீன ஆர்கெஸ்ட்ரா பழக்கம் இங்கே நேர் எதிராக வேலை செய்யும். எஃப் ஷார்ப்பில் உதட்டைச் சற்றே தளர்த்துங்கள்.

இன்னொன்று, ஸ்லர், அதாவது சுரங்களை ஒரே மூச்சில் இணைத்து வாசிப்பது. நவீன வாசிப்பாளர்கள் வேகமான ஓட்டங்களை வழுக்கிவிடுவது வழக்கம், அதனாலும் எல்லாம் கரைந்துபோகிறது. ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டித் தொடங்க வேண்டும், ஆனால் எல்லாம் ஒரே அழுத்தத்தில் அல்ல. ஜிரோலமோ தல்லா காசாவின் 1584ஆம் ஆண்டு வெனிஸ் நூல் தெ-ரெ, லெ-ரெ போன்ற இரட்டை நாக்குத் தட்டல்களைச் சொல்கிறது. இந்த 'ரெ'யில் நாக்கு, நம் 'ர' போல ஒருமுறை தட்டி விலகினாலே போதும். தமிழ் பேசுகிறவருக்கு இது எளிது. தெ-ரெ-லெ-ரெ என்று நிமிடத்துக்கு 60 க்ராட்செட் வேகத்தில் தொடங்கி, மிக வேகமான பத்தி எந்த வேகத்தில் தெளிவாக வருகிறதோ அதையே முழு சொனாட்டாவுக்கும் அடிப்படையாக வையுங்கள். தொடக்கத்தின் நீள் சுரங்களைப் பார்த்து வேகம் வைத்தால் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள்.

பின்னர் வயலின் வாசிப்பவர் கிடைத்தால், 1651இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சான பொடெக்கரின் 'லா மோனிகா' சொனாட்டாவை எடுங்கள். அதில் மெட்டை வயலின் தாங்க, பஸூன் கீழே அடுத்தடுத்து வேரியேஷன்களை (மெட்டின் மாற்று வடிவங்களை) வாசிக்கும். ஸ்தாயி மோதல் பெர்டோலியைவிடக் குறைவு.