ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி இக்ஸிக்குப் போகலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். எனக்கு 29 வயது, கணவருக்கு 34. கல்யாணமாகி மூன்று வருடம். எனக்கு ஸ்கேன், ஹார்மோன், குழாய் டெஸ்ட் எல்லாம் நார்மல். போன மாதம்தான் அவர் முதல் தடவையாக விந்துப் பரிசோதனை செய்தார். மில்லிக்கு 60 லட்சம் அணுக்கள்தான். "நேரா இக்ஸி பண்ணிடலாம்" என்கிறார்கள், அதாவது லேபில் ஓர் அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் சிகிச்சை. வேறு வழியே இல்லையா?

பதில்: மூன்று வருடமாக உங்களுக்கு மட்டும் டெஸ்ட் எடுத்துவிட்டு, அவருக்குப் போன மாதம்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். என் கிளினிக்கில் பாதிக் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

முதலில் அந்தப் பரிசோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் வரம்பு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம். அதற்குக் கீழே வந்தாலே குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான். சாம்பிள் எடுத்த விதத்திலேயே கணக்கு மாறிவிடும். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது டப்பாவுக்கு வெளியே சிந்தியிருந்தால் ரிப்போர்ட்டே தப்பு. வீட்டில் எடுத்து, ஏசி காரில் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் கழித்து லேபுக்கு வருபவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும். லேபிலேயே கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

இரண்டாவது, அவரை யாராவது நிற்கவைத்துத் தொட்டுப் பார்த்தார்களா? வெரிகோசில், அதாவது விரையின் ரத்தக்குழாய் வீக்கம், இருந்தால் விரைக்கு மேலே பிழிந்த இடியாப்பம் போலக் கையில் தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டு ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால் சின்ன ஆபரேஷனில் பலருக்கு எண்ணிக்கை ஏறும். ஸ்கேனில் மட்டும் தெரிவதற்குக் கத்தி வேண்டாம்.

ஜிம்முக்குப் போகிறாரா? டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும் என்று நினைக்கிறார்கள். அணு உற்பத்தியை அது நிறுத்திவிடும். டாக்டர் மேற்பார்வையில் விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். இந்தக் கேள்விக்கு நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தால்தான் அவர் வாய் திறப்பார்! சிகரெட், சமீபத்தில் வந்த டெங்குக் காய்ச்சல், எதையும் விடாமல் சொல்லச் சொல்லுங்கள். புது அணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும் என்பதால் எந்த மாற்றமும் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். டப்பா டப்பாவாக விற்கும் சத்துப் பவுடரில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

உங்களுக்கு 29 என்பதால்தான் காத்திருக்கச் சொல்கிறேன். 37 என்றால் சொல்லமாட்டேன். கழுவிப் பிரித்தபின் ஓடும் அணுக்கள் 50 லட்சத்துக்கு மேல் கிடைத்தால் அவற்றைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ சிகிச்சையை மூன்று நான்கு தடவை முயலலாம். அதற்கும் பலனில்லை என்றால் இக்ஸி. அதில் ஒரு முட்டைக்கு ஓர் அணு போதும். எண்ணிக்கை சுழியமாகவே இருப்பவர்களுக்கும் அடைப்பு காரணமென்றால் ஊசியால் விரையிலிருந்தே எடுக்கலாம். உற்பத்தியே குறைவென்றால் மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். அதிலும் சிலருக்குக் கிடைக்காமல் போகும்.

"கடைசியில் கொழுந்தனாருடையதை வைத்துக் குடும்பத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாமே" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021-ஆம் வருடச் சட்டம் அதை அனுமதிக்காது. பதிவு பெற்ற வங்கியிலிருந்து, முகம் தெரியாத கொடையாளரிடமிருந்து மட்டும்தான்.

இப்போதைக்கு அவரை ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் யூராலஜிஸ்டிடம் அனுப்புங்கள். பழைய ரிப்போர்ட்டின் ஒரிஜினலையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.