ஒருவர் மட்டும் சூடிய தும்பை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் இருபது ஆண்டுகளாகக் கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கிறேன். எந்தப் பழைய வழக்கமும் யாரோ ஒருவர் ஒருநாள் புதிதாகத் தொடங்கியதுதான் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால், எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த பாப் டியாகோ 2015இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தோடு ஒரு ‘பரம்பரைப் போட்டி’யை உண்டாக்கிக் கோப்பையும் செய்து வைத்தபோது ஊரே ஏன் சிரித்தது? இப்போது இதைக் கேட்கக் காரணம் உண்டு. கல்லூரியில் படிக்கும் என் மகளும் அவள் தோழிகளும் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆண்டுதோறும் ஓர் ஆட்டம் வைக்கவும், அதற்கு நூறாண்டுப் பழைமை உண்டு என்று கதை கட்டவும் திட்டமிடுகிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லும் கதைதானே என்று விட்டுவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், ஹார்ட்ஃபர்ட்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் டியாகோவின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவர் செய்ததில் எனக்குச் சிரிப்பைவிடப் பரிவே மிகுதியாக வருகிறது. தொலைக்காட்சிப் பணத்தைத் தேடிப் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு திசையில் போனதால் கனெக்டிகட் ஆடிவந்த பழைய ‘பிக் ஈஸ்ட்’ என்னும் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு 2013இல் உடைந்தது. சிரக்யூஸ், பிட்ஸ்பர்க் போன்ற நெடுநாள் எதிராளிகள் பிரிந்துபோக, பழக்கமில்லாத அணிகளுக்கு நடுவே கனெக்டிகட் நிற்க நேர்ந்தது. டியாகோ பொறுப்பேற்ற 2014இல் அவருடைய அணி 12 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது. அவற்றுள் ஒன்று, அவ்வாண்டின் கூட்டமைப்புப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட மத்திய ஃபுளோரிடாவை வீழ்த்திய ஆட்டம். பெருமைப்பட வேறொன்றும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு வெற்றியை ஆண்டு முழுதும் நினைத்திருக்கத்தக்க பொருளாக்கித் தர அவர் விரும்பினார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ‘சிவில் கான்ஃப்ளிக்ட்’ என்று பெயரிட்டு, அந்தச் சொல்லுக்குள் இரு மாநிலங்களின் அஞ்சல் குறியீட்டு எழுத்துகளும் (FL, CT) பெரிதாகத் தெரியும்படி ConFLiCT என்று எழுதினார். ஒரு பக்கம் தம் அணியின் ஹஸ்கி நாயும் மறுபக்கம் ஃபுளோரிடா அணியின் போர்வீரனும் இருக்கும்படி கோப்பை செய்தார். அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் கடிகாரம் ஒன்றையும் வைத்தார்.

ஆனால் இவற்றில் எதையும் அவர் எதிரணியிடம் கேட்டுச் செய்யவில்லை. மத்திய ஃபுளோரிடா இதில் தனக்குப் பங்கில்லை என்றது. அவர்களுக்கு நாங்கள் எதிராளியாக இல்லாமல் இருக்கலாம், எங்களுக்கு அவர்கள் எதிராளியா என்பதை அவர்கள் முடிவு செய்ய முடியாது என்ற பொருளில் டியாகோ மறுமொழி கூறினார். பிழை முழுவதும் இந்த மறுமொழியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நம் புறத்திணை மரபில் ஆநிரை கவர்பவன் வெட்சியும் மீட்பவன் கரந்தையும், மதிலை வளைப்பவன் உழிஞையும் காப்பவன் நொச்சியும் சூடுவார்கள். இரு வேந்தரும் ஒரு களத்தில் நேருக்கு நேர் நின்று, வலிமையை நாட்டுவதையே பொருளாகக் கொண்டு பொரும் தும்பையில் மட்டும் இருவருக்கும் பூ ஒன்றே. பரம்பரைப் போட்டி என்பது அந்த வகைப் போர். டியாகோ தாம் தும்பை சூடிக்கொண்டு களத்துக்கு வந்துவிட்டு, எதிரில் இருப்பவர் தலையிலும் அது இருப்பதாக அறிவித்தார். 2016 அக்டோபரில் கிழக்கு ஹார்ட்ஃபர்டில் மத்திய ஃபுளோரிடா 24-16 என்று வென்றது. வென்றவர்கள் அந்தக் கோப்பையைத் தொடாமல் மைதான ஓரத்திலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்த டிசம்பரில் டியாகோ பதவி நீக்கப்பட்டார்.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 1903 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸில், இரண்டாண்டுகளுக்கும் மேலாகத் தோல்வியே காணாத மிச்சிகன் அணியை மினசோட்டா 6-6 என்று சமன் செய்தது. கடைசி நேரத்தில் கூட்டம் களத்துக்குள் புகுந்த அமளியில், அன்று தண்ணீருக்காக 30 சென்ட்டுக்கு வாங்கிய ஜாடியை மிச்சிகன் விட்டுவிட்டுப் போனது. மைதானப் பணியாளர் ஆஸ்கர் மன்சன் அதைக் கண்டெடுத்தார். மினசோட்டாக்காரர்கள் அதன்மேல் ஆட்டக் கணக்கை எழுதியபோது தங்கள் ஆறைப் பெரிதாகவும் மிச்சிகனின் ஆறைச் சிறிதாகவும் தீட்டினார்கள். 1909இல் மிச்சிகன் வந்து வென்று ஜாடியை மீட்டுக்கொண்டு போனது. இன்றுவரை வென்ற அணி ஜாடியைக் கொண்டுபோகிறது. பரிசாகவே செய்யப்பட்ட கோப்பை கைவிடப்பட, கைவிடப்பட்ட ஜாடி பரிசானதற்கு நான் காணும் காரணம் ஒன்றுதான்: ஜாடியை ஒருவர் வைத்திருக்க விரும்பினார், மற்றவர் அதைத் திரும்பப் பெற விரும்பினார். அந்த இரண்டு விருப்பங்களையும் எந்தப் பயிற்சியாளராலும் பட்டறையில் செய்வித்துக் கொண்டுவர முடியாது.

ஆகையால் புதிதாகத் தொடங்குவதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டியாகிய ஹார்வர்ட்–யேல் படகுப் பந்தயமே ஒரு ரயில் கம்பெனியின் விளம்பர ஏற்பாடு. நியூ ஹாம்ப்ஷயரின் வினிபெசாக்கி ஏரிக்குப் பயணிகளை இழுப்பதற்காக, 1852இல் இரு கல்லூரி மாணவர்களையும் அந்தக் கம்பெனி தன் செலவில் அழைத்துப் போய்ப் படகு வலிக்கச் செய்தது. ரயில் கம்பெனியின் நோக்கம் அந்தக் கோடையோடு முடிந்திருக்கும். தோற்ற யேல் மீண்டும் வந்தது, ஹார்வர்டும் வந்தது. 1878 முதல், சில ஆண்டுகள் நீங்கலாக, உங்கள் மாநிலத்து நியூ லண்டனில், தேம்ஸ் ஆற்றில் அந்தப் பந்தயம் நடந்து வருகிறது. வாய்த்தால் ஒருமுறை மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

மத்திய ஃபுளோரிடாவும் புதிய கோப்பைகளையே வெறுத்த பல்கலைக்கழகமன்று. டியாகோவின் கோப்பையை விட்டுவிட்டுப் போன அதே 2016இல், தன் ஊரான ஆர்லண்டோவோடு நான்காம் எண் நெடுஞ்சாலை இணைக்கும் டேம்பா நகரின் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தோடு ஒரு கோப்பைக்கு அது உடன்பட்டது. அந்த இரு பல்கலைக்கழகங்களிலும் ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள் பிரிந்து சேருவார்கள், ஒரே வீட்டில் அண்ணன் ஓரிடத்திலும் தம்பி ஓரிடத்திலும் படிப்பார்கள். பங்காளிகளுக்குள் மூளும் சண்டைக்கு விளம்பரம் தேவைப்படுவதில்லை. 2023இல் மத்திய ஃபுளோரிடா பெரிய கூட்டமைப்புக்கு மாறியதும் அந்த ஆட்டமும் நின்றுபோனது என்பது எனக்கு உண்மையான வருத்தம் தருகிறது. டியாகோவின் கோப்பையைப் பார்த்துச் சிரித்த அளவுக்கு, வேர் பிடித்திருந்த போட்டிகளை வெட்டிய கைகளைப் பார்த்து யாரும் சினந்ததாகத் தெரியவில்லை.

இனி உங்கள் மகளின் திட்டத்துக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்கட்டும், நூறாண்டுக் கதையைக் கைவிடச் சொல்லுங்கள். டியாகோகூடத் தம் போட்டி பழைமையானது என்று பொய் சொல்லவில்லை, அந்த அளவில் அவர் நேர்மையானவர். கட்டிய கதையை முதலாண்டு மாணவி நம்புவாள், மூன்றாம் ஆண்டில் அது பொய் என்று அறிவாள், அதற்குள் அவள் அந்த ஆட்டத்துக்காக அழுதிருப்பாள்; தன் கண்ணீருக்குக் காரணமானதை யாரோ நான்கு பேர் ஒரு மாலையில் உட்கார்ந்து இட்டுக்கட்டினார்கள் என்று அவள் உணரும் நாளை உங்கள் மகள் எண்ணிப்பார்க்க வேண்டும். கோப்பை செய்யக் கொடுப்பதற்கு முன், அவளும் தோழிகளும் பக்கத்து ஊருக்குப் போய், அந்தக் கல்லூரிப் பெண்களைச் சந்தித்து, எதை இழந்தால் உங்களுக்கு உறைக்கும் என்று கேட்கட்டும். அவர்கள் சொல்வது ஒரு பழைய பந்தாகவோ ஒரு தண்ணீர்க் குடுவையாகவோ இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் முதல் ஆட்டம் நடந்த நாளையும் அன்றைய கணக்கையும் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். எண்களில் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாகத் தீட்டினால் அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்