நாஸ் பெட்டியில் இருக்கும் ஹோம் ஃபோல்டர்களை லினக்ஸ் சேர்வரில் மவுண்ட் செய்வது எப்படி?

நீங்கள் சொன்ன நிலைமை இதுதானே: எல்லோருடைய ஹோம் ஃபோல்டரும் (அவரவர் ஃபைல்கள் இருக்கும் இடம்) நாஸில், அதாவது நெட்வேர்க்கில் எல்லோரும் பகிரும் ஃபைல் பெட்டியில், இருக்கிறது. எஃப்எஸ்டேப்பில் (சேர்வர் எழும்பும்போது எதை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) ஒரு வரி எழுதி, என்எஃப்எஸ் (நெட்வேர்க் வழியாக ஃபைல் பகிரும் முறை) வழியாக உபுண்டு சேர்வரின் /ஹோமில் மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, வைத்திருக்கிறீர்கள். சிலருக்கு 'பெர்மிஷன் டினைட்' வருகிறது. கரண்ட் போய் வந்தால் சிலருடைய ஃபைல்களே காணாமல் போகின்றன.

இரண்டும் எனக்கும் நடந்தவை. களுவாஞ்சிகுடியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். மவுண்ட் கட்டளையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பயனர் எண்ணை.

சாதாரண என்எஃப்எஸ் அமைப்பில் நாஸுக்குப் பயனரின் பெயர் ஒரு பொருட்டே இல்லை. சேர்வர் "நான் 1003 ஆம் ஆள்" என்று ஒரு எண்ணை அனுப்பும், நாஸ் அதை அப்படியே நம்பும். உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று கணக்குத் திறந்த வரிசைப்படி எண் விழும். நாஸ் தன் பாட்டுக்கு வேறொரு வரிசையில் எண் கொடுத்திருக்கும். பெயர் இரண்டு பக்கமும் ஒன்றுதான், எண் வேறு.

நாங்கள் இரண்டாவது சேர்வர் ஒன்றைப் போட்டபோது பிள்ளைகளின் கணக்குகளை வேறு வரிசையில் திறந்துவிட்டேன். முதல் நாளே ஒரு பிள்ளை வந்து, "சேர், என்ட ஃபோல்டர் பூட்டிக் கிடக்கு, அவட ஃபோல்டர் திறக்குது" என்றாள். போய்ப் பார்த்தால் உண்மைதான். அவளுடைய எண் இந்த சேர்வரில் 1028, நாஸிலோ 1028 பக்கத்துக் கதிரைப் பிள்ளை. தன்னுடையதற்குள் போக முடியாதவள், மற்றவளுடையதை அழிக்கக்கூட முடியும். அன்று பயந்தே போனேன்.

உங்கள் சேர்வரில் 'எல்எஸ் -எல்என்' அடித்து ஃபோல்டர்களின் எண்களைப் பாருங்கள், பிறகு 'ஐடி' கட்டளையில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் நாஸ் கொடுத்த எண்ணையே சேர்வரில் வைத்துவிடுங்கள். 'யூசர்மொட் -யூ' பயனர் எண்ணை மாற்றும், குழு எண்ணுக்கு 'குரூப்மொட் -ஜி'. இதைச் செய்யும்போது நாஸ் மவுண்ட் ஆகியிருக்கக் கூடாது. ஆட்கள் நிறைய, சேர்வர்களும் பல என்றால் எல்டாப் (எல்லா சேர்வருக்கும் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் முறை) பக்கம் போவதுதான் நல்லது. எங்கள் நிலையத்துக்கு ஒரு கொப்பியில் எழுதிவைத்த பட்டியலே எனக்குப் போதுமாக இருக்கிறது.

ரூட்டாக (சேர்வரின் முழு அதிகாரக் கணக்கு) இருந்தும் பிள்ளைகளின் ஃபோல்டருக்குள் போக முடியவில்லையே என்று யோசிக்காதீர்கள். சேர்வரின் ரூட்டுக்கு நாஸில் அதிகாரம் இல்லாமல் செய்யும் ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு அது, அப்படியே விடுங்கள். புதிய ஹோம் ஃபோல்டர்களை நாஸ் பக்கத்திலேயே உருவாக்குங்கள். நாஸில் அனுமதி கொடுக்கும்போது சேர்வரின் ஐபி ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். எண்ணை நம்பும் முறை என்பதால், முழு நெட்வேர்க்குக்கும் திறந்துவிட்டால் ஒரு லெப்டொப் கொண்டுவரும் எவரும் 1028 ஆகிவிடலாம்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருவோம். மட்டக்களப்பில் மாரி தொடங்கினால் இது அடிக்கடி நடக்கும். கரண்ட் வந்ததும் சேர்வர் ஒரு நிமிடத்தில் எழும்பிவிடும். நாஸ் டிஸ்க்கைச் சரிபார்த்து எழும்பப் பல நிமிடம் ஆகும். சேர்வர் கொஞ்ச நேரம் மவுண்ட் செய்ய முயன்று கைவிட்டுவிடும். அப்போது /ஹோம் என்பது சேர்வரின் சொந்த டிஸ்க்கில் இருக்கும் வெறும் ஃபோல்டர். எங்களிடம் லொகின் செய்தவுடன் ஹோம் உருவாக்கும் வசதியும் இருந்ததால், பிள்ளைகளுக்குப் புத்தம்புது வெற்று ஹோம் கிடைத்தது. பழையது காணவில்லையே என்று சொல்லிக்கொண்டே புதிதாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். அரை மணி கழித்து நான் கையால் மவுண்ட் செய்தேன். பழையவை திரும்பி வந்தன, அன்று எழுதியவை மறைந்தன.

அவை அழியவில்லை, மவுண்டுக்கு அடியில் கிடக்கின்றன. 'மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி' கொடுத்து /எம்என்டி/ஹோமுக்குள் பாருங்கள், உங்களுடையவையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எடுத்து நாஸுக்குள் சேர்த்துவிடுங்கள்.

இனி அப்படி நடக்காமலிருக்க எஃப்எஸ்டேப் வரியை நீக்கிவிட்டு ஆட்டோஎஃப்எஸ் போடுங்கள். யார் லொகின் செய்கிறாரோ அவருடைய ஃபோல்டர் மட்டும் அந்த நேரத்தில் மவுண்ட் ஆகும். அதன் ஆட்டோ.மாஸ்டர் ஃபைலில் /ஹோமுக்கு ஒரு வரி. அது சுட்டும் ஆட்டோ.ஹோம் ஃபைலில் இன்னொரு வரி: இடப்பக்கம் நட்சத்திரக் குறி, வலப்பக்கம் நாஸின் பாதை, அதன் கடைசியில் '&'. கேட்ட பெயர் அந்த '&' இருக்கும் இடத்தில் தானாகப் போய் உட்காரும். நாஸ் இன்னும் எழும்பவில்லை என்றால் ஃபோல்டர் கிடைக்காது, வெற்று ஹோமும் உருவாகாது. எழும்பியதும் அடுத்த முயற்சியில் திறக்கும்.

இதற்கு முன் உங்கள் நிர்வாகக் கணக்கின் ஹோமை /ஹோமுக்கு வெளியே சேர்வரின் சொந்த டிஸ்க்கில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாஸ் படுத்தால் உங்களுக்கே ஹோம் இருக்காது. அப்புறம் காலியான /ஹோமுக்கு 'சிஎச்ஏட்டிஆர் +ஐ' போட்டால், மவுண்ட் இல்லாத நேரத்தில் ரூட்கூட அதற்குள் எழுத முடியாது.

நாஸ் பதில் தராவிட்டால் எல்லாம் தொங்கி நிற்கிறது என்று சிலர் 'சொஃப்ட்' (கொஞ்ச நேரத்தில் கைவிட்டுப் பிழை சொல்லும் மவுண்ட் தெரிவு) போடச் சொல்வார்கள். ஹோம் ஃபோல்டருக்கு வேண்டவே வேண்டாம். பாதியில் சேமித்த ஃபைல் கெட்டுப்போகும். இயல்பான 'ஹார்ட்' காத்திருக்கும், நாஸ் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதும்.

எல்லாம் முடிந்ததும் நாஸின் நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டு சேர்வரை ரீபூட் செய்யுங்கள். நிர்வாகக் கணக்கில் உள்ளே போக முடிய வேண்டும், மற்றவர்களுக்கு ஹோம் கிடைக்கக் கூடாது. வயரைத் திரும்பச் செருகி ஓரிரு நிமிடம் விட்டு ஒரு பயனராக லொகின் செய்து, ஒரு ஃபைல் எழுதி, நாஸ் பக்கம் போய் அதன் எண் அந்தப் பயனருடையதுதானா என்று பாருங்கள்.